அடியில் இரண்டு கரண்டி

கதவைத் திறந்தபோது மஹ்பூபா அக்கா ஒரு கண்ணாடி ஜாடியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பினாங்கு ஜெலுத்தோங்கில் இந்த அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர்தான் பக்கத்து வீடு.

"தம்பி, திட்டக் கூடாது," என்றார்.

ஜாடி மூன்று லிட்டர் பிடிக்கும். கம்பிப் பூட்டு வைத்த மூடி. உள்ளே நறுக்கிய சிவப்பு மிளகாய், கலங்கிய உப்புத் தண்ணீரில். பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி நீல மார்க்கரில் ஒரு தேதி எழுதியிருந்தது. போன வருடம் ஆகஸ்டு பதினேழு. ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு. காமினிதான் ஏழை அப்படி எழுதுவாள்.

காமினி என் மனைவி. போன செப்டம்பரில் இறந்துபோனாள். டெங்கி. ஐந்து நாள்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"பதினாறாம் நாளுக்கு மொத நாளு ஒங்க மாமியாரு வீட்டக் கழுவுனாங்கல்ல. ஊறுகா, மாவு, சம்பால் எல்லாத்தையும் கொண்டாந்து குப்ப ரூம்புல வச்சாங்க. அதுல இதும் இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல தம்பி. தூக்கிட்டுப் போயி ஃபிரிஜ்ஜு அடியில வச்சுட்டேன். அப்பறம் எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல. இன்னிக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னு..."

"ஒரு வருஷமாவா?"

"பதினோரு மாசம். வாரா வாரம் மூடியத் தொறந்து காத்து விட்டேன். அவ சொல்லிக் குடுத்ததுதான். இப்ப நாங்க பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவானுக்கு மாறுறோம்லா. மவன் ஹைக்கல் அங்க வீடு வாங்கிட்டான். திங்கக்கெழம லாரி வருது. இத நான் அங்க தூக்கிட்டுப் போனா அது திருட்டு."

வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. வெளியே குளிர்ந்து வியர்த்திருந்தது. "சாப்ட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"மணி பத்துதான் ஆவுது," என்றார் மஹ்பூபா அக்கா.

காமினி இந்த மிளகாய் சாஸைச் செய்யத் தொடங்கியது ஊரடங்குக் காலத்தில். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். செய்ய வேலைதான் இல்லை. மிளகாயை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள், தேங்காய்ச் சிரட்டைத் தணலில் புகை போட்டாள், அரைத்தாள், போத்தலில் அடைத்தாள். ஊரடங்கு முடிந்த பிறகும் விடவில்லை. மார்க்கெட்டில் மிளகாய் பழுத்து வரும் நாளுக்குக் காத்திருப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். மஹ்பூபா அக்காவின் கணவர் இப்ராஹிம் அண்ணன் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். பத்து வகைக் குழம்புக்கு நடுவில் நின்றுகொண்டு, இந்த சாஸைத் தொட்டுத்தான் அவர் சாப்பிடுவாராம்.

எனக்குக் காரம் ஆகாது. வயிற்றில் புண். நான்கு வருடத்தில் அவள் சாஸை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தது மூன்று முறை இருக்கும். மூன்று முறையும் தண்ணீரைத் தேடி ஓடினேன், அவள் சிரித்தாள். புகைக்காக மட்டும் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். துணியெல்லாம் நாறுகிறது என்பேன். கீழ் வீட்டுச் சீனத்து ஆன்ட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அமோய்! பாக்கார் அபா?" என்று கத்துவாள். எதைக் கொளுத்துகிறாய் பெண்ணே என்று, மலாயில். "ச்சிலி, ஆன்ட்டி!" என்று இவள் பதிலுக்குக் கத்துவாள். அடுத்த வாரம் அந்த ஆன்ட்டிக்கும் ஒரு போத்தல் போகும்.

கடைசியாக இருந்த போத்தலை அவள் உயிரோடு இருந்தபோதே யாருக்கோ கொடுத்துவிட்டாள். அவள் செய்ததில் மிச்சம் இந்த ஜாடி மட்டும்தான்.

வரும் ஞாயிறு ஆண்டுப் படையல். மாமியாருக்குப் போன் செய்தேன். வடிவம்மாள் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஷிப்ட் பார்த்தவர். போனில்கூட இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"அத்தே, காமினி ஊறப்போட்ட மொளகா ஜாடி ஒண்ணு இருக்கு. அத முடிச்சுப் படைக்கலாம்னு பாக்குறேன்."

"எந்த ஜாடி? நான் எல்லாத்தையும் தூக்கிப் போட்டேனே!"

"பக்கத்து வீட்டு அக்கா எடுத்து வச்சிருந்தாங்க."

"யாரு, அந்தப் பாய் வீட்டுப் பொம்பளையா? கேக்காம எடுத்தாளா?"

"குப்பையில போட்டத யாருகிட்ட கேக்கறது?"

"அது தீட்டுப் பட்ட பொருளு மாப்ள. எழவு வீட்டுல இருந்தது. அதையா என் புள்ளைக்குப் படைப்பீங்க?" என்றார்.

"அவ செஞ்சது அத்தே."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, செய்யுங்க. ஆனா படையல் பண்டம். வாயில வைக்கக் கூடாது. உப்பு பாக்குறேன், ஒறப்பு பாக்குறேன்னு நாக்குல தொடக் கூடாது. மோந்தும் பாக்கக் கூடாது. மொதல்ல அவ சாப்டணும். அப்பறம்தான் நம்ம."

"சரி அத்தே."

எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது. அவள் எழுதி வைக்கவில்லை. மஹ்பூபா அக்காவிடம் ஒரு குரல் பதிவு இருந்தது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அனுப்பியது. அவர் வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போட்டுக் காட்டினார்.

"அக்கா, நல்லாக் கேளுங்க. நான் தீவாளிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா நீங்கதான் முடிக்கணும். தண்ணிய வடிச்சிடுங்க. வடிச்ச தண்ணிய ஊத்திடாதீங்க, அரைக்கறப்ப வேணும். மொளகாய தட்டுல பரப்பி அந்தப் பெரிய சட்டிக்குள்ள வைங்க. நடுவுல மண் கிண்ணம், அடுப்புக்குக் கீழ இருக்கு பாருங்க, அது. செரட்டைய நல்லா எரிச்சுத் தணலாக்கி அதுல போட்டு, மேல கொஞ்சம் ஒடச்ச செரட்ட போட்டு மூடிடுங்க. இருவது நிமிசம். இந்த மாதிரி மூணு வாட்டி. அப்பறம், ஜாடிய வழிச்சுத் தொடச்சிடாதீங்கக்கா. அடியில ரெண்டு கரண்டி விட்டு வைங்க. அடுத்த ஜாடிக்கு அதான் ஆரம்பம். இன்னொண்ணு, குணா வீட்டுல இருக்கறப்ப செய்யாதீங்க. தும்மியே செத்துடுவாரு."

என்னைக் கேலி செய்த சிரிப்போடு முடிந்தது. ஒரு நிமிடம் எட்டு நொடி.

"இன்னொரு வாட்டி போடவா தம்பி?"

"வேணாம். எனக்கு அனுப்பிடுங்க."

நான் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் எஞ்சினியர். கலப்படம் கண்டுபிடிப்பது என் வேலை. சிலிக்கான் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்திருந்தால், அது எந்தக் குழாயிலிருந்து வந்தது, எந்தக் கையுறையிலிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க வேண்டும். எதையும் படிப்படியாக எழுதி வைத்துச் செய்துதான் பழக்கம். காமினியின் பதிவைக் கேட்டு, அரைப்பதைப் பற்றி மஹ்பூபா அக்கா சொன்னதையும் சேர்த்து, ஒரு தாளில் பதினொரு படிகளாக எழுதினேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். இப்ராஹிம் அண்ணன் ஒரு கோணிப் பை நிறைய சிரட்டை அனுப்பியிருந்தார். அடுப்புக்குக் கீழே உள்ள அலமாரியில் மண் கிண்ணம் ஒன்று இருந்தது. உள்ளே கரி படிந்திருந்தது. இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, சலவை இயந்திரத்தின் மேல் வெயிலில் காயவைத்தேன்.

பெரிய கரண்டியால் மிளகாயை அள்ளினேன். அடியில் இரண்டு கரண்டி விட்டேன். சரியாக இரண்டு. கூடுதலாக வந்ததைத் திரும்ப எடுத்தேன். ஜாடியை மூடி மேடையில் ஓரமாக வைத்தேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டேன். மோந்து பார்க்கக் கூடாது என்று மாமியார் சொன்னது ஒன்று. தும்மல் இன்னொன்று. தொழிற்சாலையில் கொடுக்கும் நல்ல கவசம். எதுவும் உள்ளே வராது.

பின்பக்க பால்கனியில் உட்கார்ந்து சிரட்டையை எரித்தேன். முதலில் பற்றவில்லை. பிறகு எண்ணெய் கசிந்து மளமளவென்று பிடித்தது. தணலானதும் இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். மூடியைப் போட்டு விளிம்பில் ஈரத்துணி சுற்றினேன். துணியின் இடுக்கில் நூல்போலப் புகை வந்தது. இருபது நிமிடம் கைப்பேசியில் வைத்தேன்.

கீழே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஆன்ட்டி கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

மூன்று முறை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூரத்தில் பாலம் மறைந்துபோனது. மிளகாய் சுருங்கி, கருஞ்சிவப்பாகி, பளபளவென்று இருந்தது. வடித்து வைத்த தண்ணீர், சுட்ட பூண்டு, வினிகர், ஒரு துண்டு குலா மெலாக்கா வெல்லம். அரைத்துக் கொதிக்கவைத்தபோது மஹ்பூபா அக்கா வந்து, வாசலிலேயே நான்கு தும்மல் போட்டார்.

"அல்லாவே! வினிகர் நெஞ்ச அடைக்குது. உள்ள வரமாட்டேன்லா. என்ன கலரு பாரு! ஒரு சொட்டு குடு, உப்பு பாக்குறேன்."

"படையல் முடியட்டும் அக்கா."

"எனக்கு என்ன தம்பி படையலு? நான் பாத்தா தப்பில்ல."

"அக்கா."

"சரி சரி. ஒங்க மாமியாரு என்னைய ஏற்கெனவே திருடின்னு சொல்லிட்டாங்களாமே. இன்னொரு கேஸு வேணாம்."

நான்கு போத்தல் வந்தது. டேப் ஒட்டி அன்றைய தேதியைப் போட்டேன். அந்தத் தேதியில் ஏழு இல்லை.

ஞாயிறு பத்து மணிக்கு மாமியாரும் காமினியின் தம்பி கோகிலனும் பாலத்தைக் கடந்து வந்தார்கள். மாமியார் வந்ததும் வராததுமாகச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படியில் புகுந்தார். கோழி, இறால் சம்பால், சுரைக்காய்க் கூட்டு. கோகிலன் அவளுக்குப் பிடித்த கடையிலிருந்து மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலமும், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஆயிஸ் என்ற ஐஸ் தேநீரும் கொண்டுவந்திருந்தான். பையை அப்படியே காமினியின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடப் பார்த்தான்.

"டேய், தம்ளர்ல ஊத்துடா. சாமியாப் போனவளுக்கு யாராச்சும் பையோட குடுப்பாங்களா?"

"அவ பையிலதானம்மா குடிப்பா. தம்ளர்ல ஊத்துனா ஐஸ் கரைஞ்சிருச்சுன்னு என்னையத்தான் திட்டுவா."

மாமியார் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே அழுதார். கடைசியில் பையும் ஸ்ட்ராவும் அப்படியே இருந்தன.

சாஸை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி இலை ஓரத்தில் வைத்தேன். மாமியார் சாம்பிராணி போட்டார். வீடு முழுக்கப் புகை. விழுந்து கும்பிட்டோம். பால்கனிச் சுவரில் சோறு வைத்ததும் காகம் வந்துவிட்டது. பினாங்கில் காகத்துக்குப் பஞ்சமில்லை. அது மீ கோரெங்கைக் கொத்திக்கொண்டு போனது.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் கோகிலனுக்கும் தனக்கும் சாஸை விட்டுக்கொண்டார். என் இலையில் விடாமல், "உங்களுக்கு ஆகாதே மாப்ள," என்றார்.

கோகிலன்தான் முதலில் வாயில் வைத்தான். மென்றான். மெல்வதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான்.

"மச்சான், இது..."

"சாப்புடுடா," என்றார் மாமியார். அவரும் வாயில் வைத்திருந்தார்.

"இல்லம்மா, இது அக்காவப் போட்டிருந்தப்ப..."

"சாப்புடுடான்னு சொன்னேன்ல!"

கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். கவசம் இல்லாமல் அப்போதுதான் முதல் முறை. மிளகாய் இருந்தது, பூண்டு இருந்தது, சிரட்டைப் புகை இருந்தது. அதற்கு மேலே சாம்பிராணி. இப்போது அறையில் இருந்தது அல்ல. எரிந்து முடிந்த, பழைய, கசந்த சாம்பிராணி. இந்தக் கூடத்தில் நாற்காலிகளையெல்லாம் ஓரம் தள்ளி நடுவில் அவளைக் கிடத்தியிருந்த நாளின் வாசனை. அன்று நான் எதையும் பார்க்கவில்லை. யார் வந்தார்கள் என்றுகூட நினைவில்லை. இந்த வாசனை மட்டும் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது.

"எந்தக் கிண்ணத்துல பொக போட்டீங்க?" மாமியார் இலையைப் பார்த்தபடி கேட்டார்.

"அடுப்புக்குக் கீழ இருந்தது."

"அது நான் லிட்டில் இந்தியாவுல வாங்குனது. அவ தலமாட்டுல வச்சது. பதினாறு நாளும் வெளக்குப் பக்கத்துல இருந்துச்சு. காரியம் முடிஞ்சு கடல்ல விடணும்னு எடுத்து வச்சேன். மறந்துபோச்சு."

"காமினியோட கிண்ணம் ஒண்ணு இருந்திருக்குமே அத்தே?"

அவர் சோற்றை விரலால் ஒதுக்கினார்.

"மண்ணு தீட்டத் தாங்காதுன்னு ஒடச்சுப் போட்டேன். அது எதுக்கு வச்சிருந்தான்னு எனக்குத் தெரியாது மாப்ள. எனக்கு யாரும் சொல்லல."

சாம்பிராணிப் பிசின் மண்ணில் ஊறிவிடும். கழுவினால் போகாது. சூடு ஏறினால் வெளியே வரும். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதை நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். கருவி சுத்தமாகத் தெரிந்தால் போதாது, இதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள் என்று. என் பதினொரு படிகளில் அந்தக் கேள்வி இல்லை.

மாமியார் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சாஸை வழித்து, சோற்றில் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கண் சிவந்து மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளவில்லை. "என் புள்ள நறுக்குன மொளகா," என்று மட்டும் சொன்னார். கோகிலனும் குனிந்து சாப்பிட்டான்.

மூன்று மணிக்கு மஹ்பூபா அக்கா வந்தார். கையில் மாமியாருக்கென்று ஒரு பெட்டி கறிக்கொழுக்கட்டை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜாடி திருடி வந்திருக்கேன்மா."

"வா வா. நான் தூக்கிப் போட்டேன், நீ எடுத்து வச்ச. நான் என்னத்தச் சொல்ல? ஒக்காரு."

"படைச்சது எனக்கு ஆகாது. அடுப்படியில இருக்கற போத்தல்லேர்ந்து ஒரு சொட்டு குடு தம்பி."

மூடியைத் திறந்து நீட்டினேன். கரண்டியை உள்ளே விடப் போனவர் வாசனை பட்டதும் நின்றுவிட்டார். தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ஒறப்பு அவளோடதுதான்," என்றார். "எனக்கு ரெண்டு போத்தல் தரேன்னு சொல்லியிருந்தா. எடுத்துக்கவா?"

"இந்த வாசத்தோடவா அக்கா?"

"தரேன்னு சொன்னால்ல."

இரண்டு போத்தலையும் துண்டில் சுற்றிக்கொண்டார். கீழே நின்ற ஹைக்கலின் கார்வரைக்கும் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். கிண்ணத்தின் கதையைச் சொன்னேன். ஐந்தாவது மாடி தாண்டியபோது அவர் கேட்டார்.

"ஜாடி அடியில விட்டீங்கல்ல, ரெண்டு கரண்டி?"

"விட்டேன்."

"அதுல பொக படல."

"படல."

"அப்ப என்ன தம்பி! அது அவளோடதுதானே? புது மொளகா வாங்கி நறுக்கிப் போடுங்க. உப்புத் தண்ணி ஊத்துங்க. ரெண்டே மாசம். கிண்ணம் நான் புதுசா வாங்கி அனுப்புறேன். நீங்க பத்து காவானுக்கு வாங்க, நான் நின்னு சொல்லித் தரேன். அடுத்த ஜாடிக்கு ஆரம்பம்னு அவளே சொல்லிட்டுத்தானே போயிருக்கா?"

தலையாட்டினேன். கார் போனதும் லிஃப்டுக்குக் காத்திருந்தேன். அது பன்னிரண்டாவது மாடியில் நின்றுகொண்டு இறங்கவில்லை. படியில் ஏறினேன். ஒன்பது மாடி. எந்த மார்க்கெட்டில் அவள் மிளகாய் வாங்குவாள் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். சௌரஸ்தாவா, ஜெலுத்தோங்கா? கோகிலனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பழுத்தது வரும் என்று அவள் சொன்னதாக ஞாபகம். கடைசி இரண்டு மாடியை இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

கோகிலன் சோபாவில் தூங்கிப்போயிருந்தான். அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் அப்போதுதான் நின்றது. பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கியிருந்தது. மேடை துடைத்திருந்தது. துண்டை விரித்து அதன் மேல் ஜாடியைக் கவிழ்த்து வைத்திருந்தார் மாமியார். டேப்பையும் சுரண்டி எடுத்திருந்தார். வெளிச்சம் அதன் வழியாக நேராக மறுபக்கம் போனது.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பினார். காலையில் வந்ததைவிட முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அந்தப் பொம்பள ஜாடிய எவ்வளவு பத்திரமா வச்சிருந்திருக்கா பாருங்க. ஒரு கீறல் இல்ல. அன்னிக்குத் தெரியாமத் தூக்கிப் போட்டேன். இன்னிக்காச்சும் என் கையால கழுவி வைக்கலாம்னு தோணுச்சு. அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. சுடுதண்ணி ஊத்தி, மூணு வாட்டி சோப்புப் போட்டேன். இப்ப மோந்து பாருங்க. ஒரு வாசமும் இல்ல."

ஜாடியை எடுத்து நிமிர்த்தினேன். உள்ளே எலுமிச்சை சோப்பு மணத்தது.

"சரியா இருக்கா மாப்ள?"

"சரியா இருக்கு அத்தே," என்றேன்.

துண்டின் காய்ந்த நுனியை எடுத்து ஜாடியின் உட்புறத்தைத் துடைக்கத் தொடங்கினேன். என் கை அடிவரைக்கும் எட்டவில்லை. அவர் என்னிடமிருந்து வாங்கி, அவர் கையை விட்டுத் துடைத்துக் கொடுத்தார்.